பாத்திரத்திலும் உணவிலும் உலோகக் கலப்பு: பாலக்காட்டு எல்லைத் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், வாளையாறு என்று எல்லையை ஒட்டிய ஊர்களின் அடுக்களைகளில் உருளியும் ஈயச்சொம்பும் மண்சட்டியும் இண்டாலியம் குக்கரும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. கைபேசியில் வந்த ஏதோ ஒரு செய்தியைப் பார்த்துப் பயந்து, பாட்டி காலத்து வெண்கல உருளியைப் பழைய சாமானுக்குப் போட்டுவிட்டு, எங்கே எதை உருக்கி வார்த்தது என்று தெரியாத பளபளப்பான சட்டியை வாங்கி வருகிறவர்கள் பலர். பயம் வேண்டியதுதான்; அது தவறான பாத்திரத்தின்மேல் விழுவதுதான் என் கவலை. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எத்தனையோ உலோகங்களின் பெயரைச் சொல்கிறார்கள். உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும்?

முதலில் காரீயத்துக்கு, அதாவது லெட்டுக்கு. செம்பும் இரும்பும் அளவோடு உடலுக்குத் தேவை. காரீயத்துக்கு உடலில் ஒரு வேலையும் இல்லை. இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து உடல் அதை எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பல ஆண்டுகள் கழித்து, கர்ப்ப காலத்தில் எலும்பு கரையும்போது அது மீண்டும் இரத்தத்துக்கு வந்து வயிற்றுப் பிள்ளையைச் சேர்கிறது. ஒரே அளவு காரீயம் உள்ளே போனாலும் குழந்தையின் குடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். மூளை வளரும் வயதில் படிப்பையும் கவனத்தையும் அது கெடுக்கிறது, கெட்டது திரும்புவதில்லை.

யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டில், இரத்தத்தில் காரீயம் கூடுதலாக உள்ள குழந்தைகள் உலகில் சுமார் 80 கோடி. அதில் ஏறக்குறைய 27.5 கோடி பேர் இந்தியாவில். எனவே கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை காரீயத்தைச் சுற்றியே வரும்.

ஈயச்சொம்பில் ரசம் வைக்கலாமா? ஈயம் விஷம் என்கிறார்களே?

நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தில், அதாவது டின்னில் செய்தது. விஷம் என்று சொல்லப்படுவது காரீயம். இரண்டும் வெவ்வேறு உலோகங்கள். போதாததற்கு, அலுமினியச் சட்டியையும் ஈயப் பாத்திரம் என்றே பல வீடுகளில் சொல்கிறோம். கடையில் கேட்கும்போது வெள்ளீயமா என்று முழுப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வெள்ளீயம் புளிக்கும் தக்காளிக்கும் பெரிதாகக் கரைவதில்லை. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்து வீடுகள் ரசத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெள்ளீயம் விலை கூடியது, காரீயம் மலிவானது. கலப்படம் செய்யத் தூண்டும் இடைவெளி அங்கேதான் இருக்கிறது. காகிதத்தில் தேய்த்தால் காரீயம் பென்சில்போல் சாம்பல் நிறக் கோடு விடும்; ஒரே அளவுள்ள சொம்பு கையில் வழக்கத்தைவிடக் கனமாக இருக்கும். இந்த இரண்டும் சந்தேகத்தைக் கிளப்ப மட்டும் உதவும். கோடு விழவில்லை என்பதற்காகச் சொம்பு சுத்தம் என்று நினைக்க வேண்டாம். சிறிதளவு கலப்பைக் கண்டுபிடிக்க ஆய்வகச் சோதனை வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத சொம்பைப் பூஜை அறையில் வையுங்கள், அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

இன்னொன்று. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைச் சுற்றி நிற்கும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் தாளிக்கும் சாமானைத் தேடினால் சொம்பு அடியோடு வழிந்துவிடும். தாளிப்பதை வேறு கரண்டியில் செய்து கடைசியில் கொட்டுங்கள்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச ஆள் வருகிறார். எதைப் பார்க்க வேண்டும்?

அவர் கையில் இருக்கும் குச்சியை. பூச்சு வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரியும்: பாத்திரத்தைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்து, கரி அடுப்பில் காட்டிச் சூடேற்றுவார். சூடு ஏறியதும் நவச்சாரத்தை உள்ளே தூவுவார். மூக்கைத் துளைக்கும் வெள்ளைப் புகை எழும். அந்தச் சூட்டிலேயே குச்சியை இரண்டு மூன்று இடத்தில் தொடுவார், உலோகம் உருகிச் சொட்டும், பழந்துணியால் ஒரே சுழற்றாகச் சுழற்றித் தடவுவார். மஞ்சளாக இருந்த உள்பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் வெள்ளி நிறமாக மாறும். பல ஆண்டுக் கைப்பழக்கம் இல்லாமல் அந்தச் சுழற்சி வராது.

கேள்வி அந்தக் குச்சியைப் பற்றியது. ரேடியோ, மின்கம்பி பற்றவைக்கப் பயன்படுத்தும் பற்றுக்கம்பியில் பொதுவாக 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் இருக்கும். அது இன்னும் குறைந்த சூட்டில் உருகும், மலிவாகக் கிடைக்கும், பூசிய பிறகு பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அதைப் பூசினால் பாத்திரத்தின் உள்பக்கம் முழுவதும் காரீயத்தை நாமே காசு கொடுத்துத் தடவிக்கொண்டதாகிவிடும். சுத்தமான வெள்ளீயத்தை நீங்களே நல்ல கடையில் ரசீதோடு வாங்கிக் கொடுங்கள். கூலி தனியாகக் கொடுங்கள். பூசுகிறவரைச் சந்தேகிப்பதாக நினைக்க வேண்டாம். அவருக்கும் என்ன விற்றார்கள் என்று தெரியாமல் இருக்கலாம். முதலில் அந்தப் புகையைச் சுவாசிக்கிறவரும் அவர்தான்.

பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் மறுபடி பூசும்வரை அதில் சமைக்காதீர்கள்.

வெண்கல உருளியும் பித்தளை உருளியும் ஒன்றா?

இல்லை. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. ஓடு என்று சொல்லும் வார்ப்பு வெண்கலப் பாத்திரத்துக்குரிய நல்ல கலவையில் செம்பு 78 பங்கும் வெள்ளீயம் 22 பங்கும் இருக்கும். மான்னாரிலும் திருச்சூர் பக்கத்து நடவரம்பிலும் வார்ப்பவர்கள் இதில்தான் பேர் வாங்கினார்கள். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. எளிதாகக் கடைவதற்காக அதில் கொஞ்சம் காரீயம் சேர்ப்பது தொழிலில் வழக்கம். பழைய குழாய், திருகு எல்லாவற்றையும் உருக்கி வார்த்த பித்தளையில் என்ன இருக்கிறது என்பது வார்த்தவருக்கே தெரியாது.

தட்டினால் வெண்கலம் மணிபோல் நீண்டு ஒலிக்கும். பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். உருளியில் பாயசம் செய்யுங்கள், நெய்யில் வறுங்கள், ஆனால் ஆறும்வரை அதிலேயே விட்டுவிடாமல் இறக்கியதும் மாற்றி வையுங்கள். புளிக்குழம்பு, மோர், எலுமிச்சை எதுவும் பூச்சில்லாத உருளியிலும் வேண்டாம், பித்தளையிலும் வேண்டாம். இரவு பித்தளையில் மறந்துவிட்ட சாம்பாரைக் காலையில் பாருங்கள்: விளிம்பில் பச்சை வளையம் கட்டியிருக்கும். அந்தக் களிம்பு செம்பின் உப்பு. வாந்தியும் வயிற்றுக் குமட்டலும் தரும். அந்தச் சாம்பாரைக் காய்ச்சி ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காமல் கொட்டிவிடுங்கள்.

கைக்குழந்தைக்குப் பித்தளைச் சொம்பில் பால் காய்ச்சலாமா?

கூடவே கூடாது. கைக்குழந்தைகளின் கல்லீரலைக் கெடுத்து உயிரைப் பறிக்கும் ஒரு நோய் இந்தியாவில் ஒரு காலத்தில் பல குடும்பங்களை அழித்தது. பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலில் இறங்கும் செம்பு அதற்குக் காரணம் என்று 1980களில் புனேயில் நடந்த ஆய்வுகள் சுட்டிக்காட்டின. எவர்சில்வர் பரவியபின் அந்த நோய் அரிதாகிவிட்டது. இதைச் சொல்லும்போது வயதானவர்களுக்கு மனம் சங்கடப்படும், தெரியும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செம்புக் குடத்தில் இரவு வைத்த தண்ணீர்?

வெறும் தண்ணீர், இரவு மட்டும், தேய்த்துக் கழுவிய குடம் என்றால் பெரியவர்களுக்குப் பயமில்லை. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எலுமிச்சை பிழிந்தோ மோராகவோ செம்பு பாட்டிலில் ஊற்றிப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதுதான் தவறு.

அலுமினியத்தில் சமைத்தால் மறதி நோய் வருமாமே?

மூளை மறதி நோய்க்கு அலுமினியப் பாத்திரம் காரணம் என்று நிறுவப்படவில்லை. புளிப்பும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் கரைவது உண்மை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வாரத்துக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று 2008இல் வரம்பு வைத்தது. சோறு வடிக்க, பால் காய்ச்ச வையுங்கள். ரசத்தையும் புளியோதரைக்கான புளிக்காய்ச்சலையும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களின் உடல் அலுமினியத்தை வெளியேற்றத் தடுமாறும். அந்த வீடுகளில் முழுவதுமாக விட்டுவிடுவது நல்லது.

அப்படியானால் இண்டாலியம் சட்டி மட்டும் ஏன் ஆபத்து என்கிறீர்கள்?

இண்டாலியம் ஓர் அலுமினியக் கலவை. இங்கே பிரச்சினை அலுமினியம் அல்ல, அதனோடு வரும் காரீயம். வண்டி உதிரிப்பாகம், ரேடியேட்டர், கம்பி என்று கையில் கிடைத்த பழைய சாமானையெல்லாம் உருக்கி வார்க்கும் பட்டறைச் சட்டிகளில் அது கலந்துவிடுகிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டியில், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த அகதிக் குடும்பத்துக் குழந்தைகளின் இரத்தத்தில் ஏன் காரீயம் கூடுகிறது என்று தேடிப் போனவர்கள் கடைசியில் அவர்களுடைய அலுமினியக் குக்கரில் வந்து நின்றார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இறக்குமதிச் சமையல் பாத்திரங்களைப் பற்றி எச்சரித்தபோது இண்டாலியம், ஹிண்டாலியம் என்ற பெயர்களையே குறிப்பிட்டது.

இண்டாலியம் எல்லாமே கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எவர்சில்வர், அலுமினியச் சமையல் பாத்திரங்களுக்கு அதை மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. வண்டியில் வைத்து எடைக்கு விற்கிறவரிடமும், பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் இடத்திலும் முத்திரை இல்லாத வார்ப்புச் சட்டியை வாங்கவே வேண்டாம். உள்பக்கம் குழி விழுந்து, தேய்த்தால் கையில் கருப்பு ஒட்டும் பழைய குண்டானையும் மாற்றிவிடுங்கள்.

எவர்சில்வரில் காந்தம் ஒட்டினால் போலியா?

காந்தத்தை நம்ப வேண்டாம். நல்ல 304 ரகத்தில் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு, காந்தம் ஒட்டாது. மலிவான 200 வரிசை ரகத்திலும் ஒட்டாது. இண்டக்‌ஷன் அடுப்புக்கான நல்ல பாத்திரத்தின் அடியில் ஒட்டத்தான் செய்யும். பெரும்பாலான வீடுகளுக்கு எவர்சில்வர் பாதுகாப்பான பாத்திரம். கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கிறவர்கள் மட்டும், அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம் என்பதால், புளிப்பை அதில் நெடுநேரம் கொதிக்க விடாமல் இருக்கலாம்.

இரும்புச் சட்டியில் குழம்பு கறுத்துப்போகிறது. சாப்பிடலாமா?

சாப்பிடலாம். கறுப்பது இரும்பு. சோகை உள்ள பெண்களுக்கு அது உதவியே செய்யும். தாலசீமியா போன்ற காரணத்தால் உடலில் இரும்பு தேங்குகிறவர்களுக்கு வேண்டாம். சமைத்ததும் மாற்றிவிட்டால் நாக்கில் துரு வாடை வராது.

மண்சட்டி, கல்சட்டி, ஊறுகாய்ப் பரணி?

குடம்புளி போட்ட மீன்குழம்புக்கு இந்த ஊர் மண்சட்டியைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. மெருகு பூசாத சட்டியாக வாங்குங்கள். கண்ணாடிபோல் மின்னும் வண்ண மெருகில் காரீயம் சேர்ப்பது உலகெங்கும் பழைய வழக்கம். புளியிஞ்சிக்குக் கல்சட்டி போதும். பரணி விஷயத்தில் கொஞ்சம் நிதானியுங்கள்: உப்பும் புளிப்பும் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கின்றன. உள்பக்கம் வண்ணம் பூசியதும், மெருகு உதிர்ந்து வெடித்ததும் மாவடுவுக்கு ஆகாது. கண்ணாடி ஜாடி இருக்கவே இருக்கிறது.

நான்ஸ்டிக்?

அந்தப் பூச்சு உலோகம் அல்ல. வெறும் தவாவாகக் காய விடாதீர்கள். பூச்சு உரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

பாத்திரம் சரி, சாமானில் கலப்பு இருந்தால்?

முதலில் மஞ்சளைப் பாருங்கள். மங்கிய மஞ்சளுக்கு நிறம் ஏற்ற லெட் குரோமேட் என்ற சாயத்தைப் பூசும் பழக்கம் தெற்காசியாவில் உண்டு. அது காரீயமும் குரோமியமும் சேர்ந்த மஞ்சள் பொடி. வங்கதேசத்தில் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் இருந்த காரீயத்துக்கு மஞ்சள் தூள்தான் முக்கியக் காரணம் என்று 2019இல் தெரியவந்தது. அரசு சந்தையில் சோதனை நடத்தி அபராதம் போட்டது. அந்த ஆண்டு மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த காரீயம் 2021இல் ஒன்றில்கூட இல்லை. மனம் வைத்தால் இரண்டே ஆண்டில் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறெதுவும் எனக்குத் தெரியாது.

நமக்கு ஈரோடு பக்கத்தில்தான் இருக்கிறது. விரலி மஞ்சளாக வாங்கி, வெயிலில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரையுங்கள். அதிலும் மேல்தோல் கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருப்பதை ஒதுக்கி, மங்கிய நிறத்தில் சுருக்கம் விழுந்ததை எடுங்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டவுடன் நிறம் அடர்ந்து இறங்கினால் அதைச் சமையலில் சேர்க்காதீர்கள்.

பழம்பொரியைச் செய்தித்தாளில் சுற்றித் தருகிறார்களே?

சூடும் எண்ணெயும் அச்சு மையைக் கரைக்கும். மையில் காரீயமும் வேறு நச்சும் இருக்கலாம். செய்தித்தாளில் உணவைக் கட்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. வாழையிலைக்குப் பஞ்சமில்லாத ஊரில் இதற்கு என்ன அவசியம்? கடைக்காரரிடம் முகம் சுளிக்காமல் கேளுங்கள், இலை வைத்துத் தருவார்.

மட்டை அரிசியில் (தவிடு முழுதும் நீங்காத கேரளச் சிவப்பரிசி) ஆர்சனிக் உண்டா?

எல்லா அரிசியும் மண்ணிலும் நீரிலும் உள்ள ஆர்சனிக்கை மற்ற தானியங்களைவிட அதிகம் இழுக்கும். அது தவிட்டில் சேரும். கடும் பாதிப்பு வங்காளத்தின் நிலத்தடி நீர்ப் பகுதிகளில். இங்கே செய்ய வேண்டியது, ஏற்கெனவே செய்வதை விடாமல் இருப்பதுதான்: நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிப்பது. கஞ்சியோடு ஆர்சனிக்கில் கணிசமான பங்கு போய்விடும். குக்கருக்கு மாறியபின் அந்தப் பலன் இல்லை.

மீனில் பாதரசம்?

பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று பாதரசத்தைச் சேர்த்துக்கொள்கிறது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் சுறா, வாள்மீன், மயில்மீன் மூன்றையும் தவிர்க்கட்டும். மத்தியும் நெத்திலியும் தாராளமாகச் சாப்பிடலாம். விலையும் குறைவு, சத்தும் அதிகம். பயந்துபோய் மீனையே நிறுத்துவது பெரிய இழப்பு.

பிளாச்சிமடையில் நடந்ததற்குப் பின் எங்கள் கிணற்று நீரை நம்பலாமா?

சிற்றூர் வட்டத்துக்காரர்கள் இதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பிளாச்சிமடை உள்ள பெருமாட்டி ஊராட்சியில் 2000இல் தொடங்கிய கோகோ-கோலா ஆலை, தன் கழிவுச் சேற்றை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்தது. அதில் காட்மியமும் காரீயமும் ஆபத்தான அளவில் இருப்பதை 2003இல் பிபிசி வானொலி வெளிக்கொண்டு வந்தது. மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் 2002 முதல் ஆலை வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். 2004இல் ஆலை நின்றது. 2010இல் கேரள அரசின் உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. நச்சுச் சேற்றை உரமென்று நம்பித் தென்னைக்கும் வயலுக்கும் போட்டவர்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

கிணறு கிணற்றுக்கு நீர் மாறும். பக்கத்து வீட்டு முடிவு உங்களுக்கு உதவாது. கேரள நீர் ஆணையத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமையும் காட்மியம் 0.003 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கூடவே ஃபுளோரைடையும் கேளுங்கள். அது உலோகம் அல்ல, ஆனால் கிழக்குப் பாலக்காட்டின் ஆழ்துளைக் கிணறுகளில் பழைய தொல்லை, 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. காய்ச்சினால் ஃபுளோரைடும் போகாது, உலோகமும் போகாது.

வைத்தியர் கொடுத்த பஸ்மம், குழந்தைக்கு இடும் கண்மை?

பஸ்மம் என்பது சுட்டுச் செய்யும் மருந்துப் பொடி; அதில் உலோகம் சேர்ப்பதே முறை. செய்முறை பிசகினால் மருந்தே விஷம். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14இல் காரீயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. பதிவு பெற்ற மருத்துவர் எழுதிக் கொடுக்காமல், பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் உலோகம் சேர்ந்த மருந்தே வேண்டாம். கடையில் விற்கும் சுர்மா வகைகள் சில காரீயக் கல்லை அரைத்தவை. குழந்தை கண்ணைக் கசக்கிய விரலை வாயில் வைக்கும். வீட்டில் நெய் விளக்குப் புகையில் எடுத்த மையில் காரீயம் இராது. ஆனால் குழந்தையின் கண்ணுக்குள் அதையும் இட வேண்டாம், கன்னத்தில் பொட்டாக வையுங்கள்.

குழந்தைக்குக் காரீயம் ஏறியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெளியே தெரியாது. சோகை, வயிற்று வலி, மலச்சிக்கல், படிப்பில் மந்தம் எல்லாவற்றுக்கும் வேறு காரணங்களும் உண்டு. இரத்தக்குழாயிலிருந்து எடுத்த இரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கும் சோதனை ஒன்றே வழி. முடியை வைத்துப் பார்க்கும் சோதனைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 முதல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே காரணத்தைத் தேடச் சொல்கிறது. 45ஐத் தாண்டினால் காரீயத்தை வெளியேற்றும் மருந்து வேண்டியிருக்கும். அதை மருத்துவமனையில்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: காரணமான பொருளை நிறுத்துவது, இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்த சாப்பாடு கொடுப்பது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பால், நெல்லிக்காய். உடலில் சத்துக் குறைந்திருந்தால் காரீயம் இன்னும் வேகமாக ஏறும்.

கடையில் வாங்கிய தூளைச் சோதிக்க நமக்கு உரிமை உண்டா?

உண்டு, பலருக்கு இது தெரியாது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்குகிறவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். சோதிக்கப்போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சட்டத்தை மீறிய பொருள் என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரே தூளைக் கொடுத்தால் செலவும் பகிர்ந்துவிடும்.

கழித்த பாத்திரத்தை என்ன செய்வது?

கோழிக்குத் தீவனமும் தண்ணீரும் வைக்க எடுக்காதீர்கள். காரீயம் முட்டையில் வந்துவிடும். பழைய இரும்புக் கடையில் போட்டால் உருகி மறுபடி யாரோ ஒருவர் வீட்டுச் சட்டியாக வரலாம். அடியில் துளை போட்டு மண் நிரப்பிப் பூச்செடி வையுங்கள். கீரை வேண்டாம்.